பதினைந்தாவது மணித்தியாலம்: ஒரு புலிமுகச் சிலந்திக் கடியின் நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மழை பிடித்து இரண்டாம் நாள். வடமராட்சிப் பக்கம் ஒரு வீட்டில், விடிய ஐந்தேகால் மணிக்கு, கரண்ட் போன அடுப்படியில், 54 வயதான ஓர் அம்மா சுவரில் கொழுவியிருந்த சுளகை எடுக்கக் கை நீட்டினார். சுளகின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்று வலது கைப் பெருவிரலின் அடிச்சதையில் கடித்துவிட்டு இருட்டுக்குள் போய்விட்டது. ஆறு மணி தாண்டி ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"பாம்பெண்டுதான் நினைக்கிறன் தம்பி. ரெண்டு பல்லும் பட்டிருக்கு, பாருங்கோ."

பார்த்தேன். இரண்டு துளைகள், நடுவில் ஒன்பது மில்லிமீற்றர். சுற்றிலும் சிவந்து வீங்கத் தொடங்கியிருந்தது. இதை எழுத அவர் சம்மதித்தார். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார். வைத்தியசாலையும் பெயரில்லாமலே இருக்கட்டும். இந்தக் கதையில் பிழை விட்டது நான்.

எங்கள் பக்கத்தில் இருட்டில் இரண்டு துளை என்றால், வேறு என்று தெரியும்வரை அது பாம்புதான். குடாநாட்டில் சுருட்டை விரியன் உண்டு, புடையன் உண்டு, கண்டங்கருவளலை உண்டு. முதல் இரண்டும் இரத்தத்தை உறையவிடாமல் செய்யும்; மூன்றாவது நோவே இல்லாமல் கடித்துவிட்டு இமையைச் சரியவைக்கும். இந்த அம்மாவின் இமைகள் நன்றாக மேலே நின்றன. கழுத்தைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். இரத்தத்துக்கு எங்களிடம் ஒரு பழைய சோதனை இருக்கிறது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தத்தை விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டு ஒருமுறை சரித்துப் பார்ப்பது. குழாய் கண்ணாடியாக இருக்கவேண்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய் பொய் சொல்லும். அந்த 20 நிமிடமும் வாட்டில் எல்லோரும் வேறு வேலை பார்ப்பதுபோலத் திரிவார்கள், ஆனால் கண் அந்த மேசையில்தான் இருக்கும். சரித்தேன். இரத்தம் ஓடவில்லை, வட்டிலப்பம்போல ஒரே கட்டியாகக் குழாயின் அடியில் நின்றது.

சரி, இப்போதைக்குப் புடையனும் சுருட்டையும் இல்லை. யாழ்ப்பாணத்து வைத்தியருக்கு இன்னுமொரு கணக்கு மிச்சம் இருக்கும்: சிவப்புத் தேள். இந்தியாவில் பேர் எடுத்த இந்தத் தேள் இலங்கையில் யாழ்ப்பாணக் குடாநாட்டோடுதான் சேர்த்துப் பேசப்படுகிறது. அது கொட்டினால் உடம்பு வியர்த்துக் கொட்டும், கைகால் குளிரும், மயிர் கூச்செறியும், இரத்த அழுத்தம் ஏறும், சிலருக்கு இதயமே தளரும். அழுத்தத்தை இறக்கும் பிரசோசின் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். இவருக்கு அழுத்தம் 140/90, நாடி 104, வியர்வை இல்லை. தேள் கொட்டில் இரட்டைத் துளையும் வராது.

இந்த இடத்தில் மகன் வந்து சேர்ந்தார், கையில் ஒரு ஜாம் போத்தலோடு.

"இதுதான் டொக்டர் கடிச்சது. சுளகுக்குப் பின்னாலையே நிண்டது. செருப்பாலை ஒண்டு போட்டன்."

போத்தலுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு சிலந்தி, வயிறு நசிந்து கிடந்தது. மேலே பார்த்தால் மரப்பட்டையில் சாம்பல் பூசியதுபோன்ற நிறம். இடுக்கியால் முன்காலைப் புரட்டினேன். அடிப்புறத்தில் கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே நல்ல மஞ்சள். அந்த மஞ்சளைக் கண்டபிறகு சந்தேகம் இல்லை. எங்கள் ஆட்கள் புலிமுகச் சிலந்தி என்று சொல்வது இதைத்தான்; பேரினம் பொயிசிலோதீரியா. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்வது. மாங்குளத்துப் பக்கம் கிடைத்த ஒன்றை 2012 கடைசியில் புது இனமாக விவரித்தார்கள்; 2013இல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் 'முகம் அளவு சிலந்தி' என்று தலைப்புப் போட்டன. பழைய மரங்களின் பொந்தில் இருக்கவேண்டியது, மரம் போகப் போக வீட்டுக் கூரைக்கும் சுவருக்கும் வருகிறது. 2019இலிருந்து இந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. செருப்பைத் தூக்கியவரிடம் அந்த நேரத்தில் இதைச் சொல்ல முடியுமா? நான் சொல்லவில்லை. உடல் நசிந்திருந்ததால் எந்த இனம் என்று எழுதாமல் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

நோ எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இந்த நிகழ்வில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அவர் தந்த பதிலைத்தான்.

"செத்தல் மிளகாய் அரைச்ச கையிலை வெட்டுக்காயம் இருந்தா எப்பிடி எரியும்? அதை நூறால பெருக்குங்கோ. பக்கத்து வீட்டு அக்கா உப்பு வறுத்து ஒத்தடம் வைச்சவ. வைச்ச உடன உயிர் போய் வந்தது."

மிளகாயும் சூடும். அந்த அம்மா உவமைக்காகச் சொன்னார். ஆனால் உயிர்வேதியியலில் அது உவமையே இல்லை. நோவை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு வாங்கி இருக்கிறது. (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ஏற்பி என்பார்கள். எனக்கு நாங்கள் பள்ளியில் படித்த 'வாங்கி'தான் பிடிக்கும். யாரோ கொடுப்பதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிற ஒன்று என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.) ஏறத்தாழ 43 பாகை செல்சியஸ் சூடு பட்டால் அது திறந்து, சோடியத்தையும் கல்சியத்தையும் நரம்புக்குள் விடும். மூளைக்குச் 'சுடுகிறது' என்று செய்தி போகும். மிளகாயின் கப்சாயிசின் அதே வாங்கியைச் சூடே இல்லாமல் திறக்கும். இந்த வாங்கியின் மரபணுவை 1997இல் கண்டெடுத்தவர் டேவிட் ஜூலியஸ். 2021ஆம் ஆண்டு மருத்துவ நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 2006இல் அவருடைய ஆய்வுகூடம் டிரினிடாட் தீவுப் பெருஞ்சிலந்தி ஒன்றின் நஞ்சிலிருந்து மூன்று பெப்டைட்டுகளை (சிறு புரதத் துண்டுகளை) பிரித்தெடுத்தது. மூன்றும் திறந்தது இதே வாங்கியைத்தான். கடிக்க வரும் மிருகத்துக்குச் செடியும் சிலந்தியும் தனித்தனியே ஒரே தண்டனையைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன.

2010இல் சீனப் பெருஞ்சிலந்தி ஒன்றிலிருந்து வந்தது இன்னும் விசேஷம். இரண்டு முடிச்சு சேர்ந்த ஒரே பெப்டைட்டு. இரு கையாலும் பிடித்துக்கொண்டதுபோல வாங்கியோடு ஒட்டினால் இலகுவில் விடாது. அந்தப் பிடிமானம் ஆய்வாளர்களுக்கும் உதவியது: திறந்த நிலையில் வாங்கியை அப்படியே நிறுத்திவைத்து, 2013இல் உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அதன் உருவத்தைப் பிடித்தார்கள்.

அதற்காக, புலிமுகச் சிலந்தியின் நஞ்சும் மிளகாய் வாங்கியைத்தான் தொட்டது என்று நான் சொல்ல வரவில்லை. டிரினிடாட் சிலந்தி வேறு, வடமராட்சிச் சிலந்தி வேறு. ஆனால் ஒத்தடம் ஏன் உயிரை எடுத்தது என்பதற்கு நஞ்சு அந்த வாங்கியை நேரே தொட்டிருக்கத் தேவையே இல்லை. வீங்கிய சதையில் அமிலம் கூடும். அமிலம் கூடினால் டிஆர்பிவி1 திறக்கும் சூட்டின் எல்லை கீழே இறங்கும். அப்போது உடம்புச் சூடே அதற்குச் சுடுகிறது. வறுத்த உப்புப் பொட்டலம் வந்தால் கேட்கவேண்டுமா?

பக்கத்து வீட்டு அக்காவைக் குறை சொல்லமாட்டேன். கடற்கரைக் கிராமங்களில் திருக்கை முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சுடுநீரில் காலை வைப்பார்கள், நோ குறையும். நாங்களும் அதையேதான் செய்கிறோம். திருக்கை நஞ்சின் பெரிய புரதங்கள் சூட்டில் குலைவதுதான் அதற்குக் காரணம் என்பது பாடநூல் விளக்கம். பெருஞ்சிலந்தியின் பெப்டைட்டுகள் அந்தச் சாதி இல்லை. முப்பது நாற்பது அமினோ அமிலம் கொண்ட சிறு சரடு. அதற்குள் மூன்று கந்தகப் பாலங்கள். இரண்டு பாலம் சேர்ந்து ஒரு வளையம் போட, மூன்றாவது அந்த வளையத்துக்குள்ளால் புகுந்து போகும். தோணி கட்டுகிற கயிற்றில் ஊடு முடிச்சுப் போட்டு இறுக்கியதுபோல. இழுத்தால் இன்னும் இறுகும். சூடு, அமிலம், சமிபாட்டு நொதியம் எல்லாவற்றையும் தாங்கும். உப்பு ஒத்தடத்துக்கு அது அவிழுமா?

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தோம். பரசிட்டமோல் போதவில்லை, திரமடோல் கொடுத்தோம். ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டோம். இந்தச் சிலந்திக்கு எதிர்நஞ்சு கிடையாது. பின்னேரம் நான்கு மணிக்கு வீக்கம் மணிக்கட்டோடு நின்றுவிட்டது, நோ பத்துக்கு மூன்று. வாட்டில் கட்டிலும் இல்லை, தரையில் பாய் போட்டிருந்த காலம் அது. ஐந்து மணிக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினேன். "பயப்பிட ஒண்டுமில்லையம்மா" என்று சொல்லியும் அனுப்பினேன். பிழை அங்கேதான். இந்தக் கடியில் நோ முதல் அத்தியாயம் மட்டும்தான் என்பதை எங்கோ வாசித்தும் இருந்தேன். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அதே ஓட்டோ. கடித்துச் சரியாகப் பதினைந்து மணித்தியாலம் கழித்து, எட்டேகாலுக்கு, சாப்பாட்டுக்குக் குனிந்தபோது வலது கெண்டைக்கால் சதை பிடித்ததாம். பிறகு தொடை. பிறகு இடது கால், நாரி, நெஞ்சு. கடித்தது கையில். "நரம்பெல்லாம் பிடிச்சு இழுக்குது தம்பி" என்றார். கெண்டைக்காலில் கை வைத்தேன். தோலுக்குக் கீழே சதை ஒரு தேங்காய் அளவுக்குக் கல்லாகி நின்றது. பார்த்துக்கொண்டிருக்க மெல்ல இளகியது. காலை மடக்கச் சொன்னதும் மறுபடி கல்லானது. தான் அசைத்தால் வருகிறது, சும்மா கிடந்தால் குறைகிறது.

மகன் கேட்டது ஏற்புவலியா என்று. நியாயமான கேள்வி. தட்டைக் கோலால் தொண்டைக்குள் தொட்டுப் பார்த்தேன். ஏற்புவலியில் தாடை கோலைக் கடித்துப் பிடித்துவிடும். இவர் ஓங்காளித்துக் கோலைத் தள்ளினார். தாடை இறுகவில்லை. நெஞ்சைப் பிடித்ததால் இசிஜி எடுத்தோம், சாதாரணம். கல்சியம், பொற்றாசியம், மக்னீசியம் மூன்றும் சரியாகவே இருந்தன. தசை நொதியம் சிறிது கூடியிருந்தது, சிறுநீரகத்துக்குப் பயம் இல்லாத அளவில்.

அன்றிரவுதான் ஒழுங்காகத் தேடி வாசித்தேன். செல்லப் பிராணியாக இந்தச் சிலந்தியை வளர்க்கும் ஐரோப்பியர்களுக்கும் இதேதான் நடந்திருக்கிறது. 2009இல் பிரித்தானியாவிலிருந்து இப்படியான நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வந்திருக்கிறது. 2014இல் கிடைத்த பதிவுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, பொயிசிலோதீரியா கடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தசைப்பிடிப்பு வந்திருந்தது. அதுவும் கடித்த உடனே இல்லை, மணித்தியாலங்கள் கழித்து. பெருஞ்சிலந்திக் கடி குளவிக் கொட்டுப்போலத்தான் என்று பழைய புத்தகங்களில் இருக்கும் வசனம் தென்னமெரிக்கச் சிலந்திகளுக்குப் பொருந்தும். எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதற்குப் பொருந்தாது.

சரி, சதை ஏன் கல்லாகிறது? நரம்பில் செய்தி ஓடுவது சோடியக் கால்வாய்களால். ஒவ்வொரு கால்வாயும் நான்கு பகுதி சேர்ந்த ஒரு புரதம். ஒவ்வொரு பகுதியிலும் மின்னழுத்தத்தை உணர்ந்து மேலே எழும்பும் ஒரு துண்டு உண்டு. கதவுக் கொண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் மாறினால் கொண்டி விலகும், கதவு திறக்கும், சோடியம் உள்ளே பாயும். ஓரிரு மில்லிசெக்கனுக்குள் உள்ளிருந்து ஒரு மூடி வந்து அடைத்துவிடும். அந்த மூடி வருவது நான்காவது கொண்டியின் அசைவைப் பொறுத்தது.

சிலந்தியின் முடிச்சுப் பெப்டைட்டுகளில் பல வாசலை அடைப்பதில்லை, கொண்டியில் போய் உட்காருகின்றன. இரண்டாவது கொண்டியில் உட்கார்ந்தால் கதவு திறக்கச் சிரமப்படும். நான்காவதில் உட்கார்ந்தால் மூடி வரத் தாமதமாகும். ஒரு செய்தி போகவேண்டிய இடத்தில் பத்துச் செய்தி போகும். தசையோடு சேரும் நரம்பில் அது நடந்தால் சதை சுருங்கிச் சுருங்கி இளக நேரமில்லாமல் நிற்கும். காலையில் நான் ஒதுக்கிவைத்த சிவப்புத் தேளின் நஞ்சிலும் இதே நான்காவது கொண்டியைப் பிடிக்கிற வகை உண்டு.

புலிமுகச் சிலந்தியின் உறவுக்காரி ஒன்று ஆந்திராவில் குத்தி என்ற ஊரில் முதலில் கிடைத்தது. நீல நிறம், 1899இல் பெயரிடப்பட்டது. 2020இல் அதன் நஞ்சிலிருந்து இரண்டு பெப்டைட்டுகளை விவரித்தார்கள். 35 அமினோ அமிலம் கொண்டது நோ நரம்பில் உள்ள நேவ் 1.7 என்ற சோடியக் கால்வாயைத் தடுக்கிறது. 33 கொண்டது மூடி வருவதைத் தாமதிக்கிறது. அந்த இரண்டாவதின் சரட்டில் 22ஆவது இடத்தில் லைசின் என்ற ஒரேயொரு அமினோ அமிலத்தைச் செருகினார்கள். தாமதிக்கும் வேலையை விட்டுவிட்டுத் தடுக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டது! ஒரே நஞ்சுப் பைக்குள் ஒன்று பூட்டு, இன்னொன்று திறப்பு. நோவுக்கு மருந்து தேடுபவர்கள் ஏன் சிலந்தியின் பின்னால் திரிகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். அந்த அம்மாவின் பிடிப்புக்கு இந்த வகைதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் அவர் கெண்டைக்காலில் என் கை தொட்டது, மூடி வரப் பிந்திய ஒரு நரம்பின் வேலையைப்போலத்தான் இருந்தது. பதினைந்து மணித்தியாலம் ஏன் பிந்தியது என்பதற்கு என் ஊகம்: அவ்வளவு இறுகிய முடிச்சை உடம்பு இலகுவில் உடைக்காது, கடிவாயில் தங்கி, மெதுவாகக் கசிந்து பரவியிருக்கும்.

கால்வாய்களை விட்டால், சிலந்திகளிடம் இன்னொரு ஆயுதமும் உண்டு. அந்த அம்மாவின் வேலியில் பூவரசுக்கும் கிளுவைக்கும் நடுவே தங்க நிற வலை கட்டியிருக்கும் நெடுங்கால் சிலந்தியை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதன் நஞ்சிலும், அதன் ஜப்பானிய உறவான ஜோரோ சிலந்தியின் நஞ்சிலும் இருப்பவை பெப்டைட்டு அல்ல, பொலிஅமீன் வகைச் சிறு மூலக்கூறுகள். 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது: அவை குளுட்டமேற்று வாங்கியின் துவாரத்துக்குள் நீட்டிய வாலைச் செருகி அடைத்துவிடுகின்றன. பூச்சியின் தசைக்குக் கட்டளை கொடுப்பது குளுட்டமேற்று. அதனால் பூச்சி அந்த இடத்திலேயே மடங்கிவிடும். எங்கள் தசைக்குக் கட்டளை கொடுப்பது அசற்றைல்கோலின். ஆகவே அந்த வலைக்காரி கடித்தாலும் எங்கள் கைகால் மடங்காது. எந்த வாங்கி எந்த உடம்பில் எங்கே இருக்கிறது என்பதில்தான் நஞ்சின் விதி இருக்கிறது.

மருந்துக்கு வருகிறேன். 10 வீத கல்சியம் குளுக்கோனேற்று 10 மில்லிலீற்றரை, இசிஜி திரையைப் பார்த்தபடி, பத்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றினோம். தாதி கேட்டார், "கல்சியம் நோமல்தானே சேர், பிறகேன்?" நல்ல கேள்வி. 1957இல் ஊசிக்கணவாயின் பெரிய நரம்பில் செய்த பரிசோதனை காட்டியது இது: வெளியே கல்சியம் கூடினால் நரம்பு மென்படலத்தின் மேற்பரப்பு ஏற்றம் மாறி, சோடியக் கதவைத் திறக்க இன்னும் பெரிய தூண்டல் தேவைப்படும். குறையை நிரப்புவதற்காக நாங்கள் ஏற்றவில்லை, கதவைக் கொஞ்சம் பாரமாக்க ஏற்றினோம். கூடவே டயசபாம். அதுவும் நஞ்சைத் தொடாது. முண்ணாணில், நரம்பை அமைதிப்படுத்தும் காபா வாங்கியை அடிக்கடி திறக்கவைத்துத் தசைக்குப் போகும் கட்டளையை அடக்கும்.

அரை மணித்தியாலத்தில் பிடிப்பு இளகியது. இரண்டில் எது வேலை செய்தது? ஒன்றாகக் கொடுத்துவிட்டு அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. கறுப்பு விதவைச் சிலந்திக் கடிக்கும் ஒருகாலம் கல்சியம்தான் வழக்கம். பெரிதாகப் பயன் இல்லை என்று பிறகு கைவிட்டார்கள். அங்கே நஞ்சு வேறு: அதன் பெரிய புரதம் நரம்பு முனையில் துளை போட்டு, சேமித்து வைத்த கடத்திகளை எல்லாம் ஒரேயடியாகக் கொட்டவைக்கும். ஆகவே அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. என் சாய்வு டயசபாம் பக்கம்.

மூன்று நாள் வைத்திருந்தோம். இரண்டாம் நாள் நான்கு தடவை பிடித்தது, மூன்றாம் நாள் ஒரு தடவை, அதுவும் கழிவறைக்கு எழும்பியபோது. நான்காம் நாள் துண்டு வெட்டினேன். இந்தமுறை துண்டின் அடியில் ஒரு வரி கூட எழுதினேன்: 'சில வாரத்துக்கு இடையிடையே தசை பிடிக்கலாம், பாரம் தூக்கவேண்டாம், நெஞ்சு பிடித்தால் உடனே வரவும்.' அதற்குப் பிறகு சிலந்திக் கடி எது வந்தாலும் ஒரு இரவு வைத்துத்தான் அனுப்புகிறேன், பாய் தரையில் என்றாலும்.

ஒன்பதாம் நாள் மகன் போன் எடுத்தார். கிணற்றடியில் வாளி தூக்கக் குனிய நாரியில் பிடித்து, இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டதாம். மூன்றாம் வாரம் கிளினிக்குக்கு வந்தபோது பெருவிரல் அடியில் இரண்டு கறுத்த புள்ளி மட்டும். என் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கச் சொன்னேன். நோகும் அளவுக்கு இறுக்கினார்.

"சுளகை இப்ப எங்கையம்மா வைக்கிறியள்?"

"அங்கைதான் தம்பி. வேற எங்கை கொழுவுறது? எடுக்க முதல் தும்புத்தடியாலை ஒரு தட்டு."